ஆழத்திலிருந்து வந்த விருந்தினர்

மரக்காணத்து உப்பளங்களின் வரப்பு வழியே நடந்து செல்வோர்க்குக் கடல்நீர் முதலில் கணுக்கால் அளவிலேயே காட்சி தருகிறது. பாத்திகளில் தேக்கிய உப்புநீர் வெயிலில் சுண்டிச் சுண்டி, ஈற்றில் விரற்கடை ஆழமும் இன்றி வெண்படிகமாய்ப் படிகிறது; தொழிலாளர் அதனை வாரிக் குவிக்கின்றனர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இப்பகுதியே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வடக்கே ஆந்திரக் கரையினின்று வரும் பக்கிங்காம் கால்வாய் தெற்கில் முடிவடைவதும் இங்கேதான். உப்பளங்களைத் தாண்டினால் மணல்மேடு. மணல்மேட்டில் எக்கியார்குப்பம், கைப்பாணிக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகள். அவற்றின் வாசலில் வங்கக் கடல்.

உள்ளங்கையில் அடங்கும் உப்புநீரைக் கொண்டு கடலை நாம் அறிந்துவிட்டதாக எண்ணினால் அது பெரும் பிழையாகும். கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் வரையில் கடலடித்தரை மெல்லச் சரிந்து செல்கிறது. இதனைக் கண்டத்திட்டு என்பர். அதன் விளிம்பு ஏறக்குறைய நூறு பாகம் ஆழத்தில் உள்ளது. ஒரு பாகம் என்பது நம் மீனவர் கணக்கில் இரு கைகளையும் விரித்த நீளம், அதாவது ஆறு அடி. அவ்விளிம்பைக் கடந்ததும் தரை செங்குத்தாக இறங்கத் தொடங்கி, முடிவில் மூவாயிரம் மீட்டரையும் தாண்டிய ஆழத்திற்குச் செல்கிறது. நம் கரைக்கு எதிரே அச்சரிவைப் பிளந்துகொண்டு கடலடிப் பள்ளத்தாக்குகள் ஓடுவதை 1960-களில் ஆய்வாளர் அளந்து கண்டனர். பாலாறு, புதுச்சேரி, கடலூர் என்னும் பெயர்களால் அவை வழங்குகின்றன. பாலாற்றுக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட மரக்காணத்தார், அறிந்தோ அறியாமலோ, அப்பள்ளத்தாக்குகளின் அண்டை வீட்டார் ஆவர்.

அந்த அண்டை வீடுகளில் வாழ்வோர் யாவர்? எப்போதேனும் அவர்களுள் ஒருவர் வலையில் ஏறி நம் கரைக்கு வந்துவிட்டால் நாம் செய்ய வேண்டுவது என்ன? இவ்விரு கேள்விகளையே இம்மாதம் வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

அழுத்தமும் இருளும் ஆக்கிய உருவங்கள்

கடலில் பத்து மீட்டர் இறங்குந்தோறும், நாம் தரையில் தாங்கும் காற்றழுத்தத்திற்கு நிகரான ஓர் அழுத்தம் கூடிக்கொண்டே செல்லும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ நூறு கிலோகிராம் எடை அழுத்தும். கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஓர் உப்பு மூட்டையை ஏற்றி வைத்ததற்கு ஒப்பாகும் அது. வங்கக் கடலின் மேற்பரப்பில் நீர் வெதுவெதுப்பாயிருக்க, அந்த ஆழத்தில் அதன் வெப்பம் பத்துப் பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒளியோ இருநூறு மீட்டரிலேயே மங்கி, ஆயிரம் மீட்டரில் முற்றிலும் அற்றுப்போகிறது. அதற்குக் கீழே பகலும் இல்லை, இரவும் இல்லை.

இத்தகைய இடத்தில் உயிர் வாழ்வோர் நம் சந்தையில் காணும் வஞ்சிரத்தையும் சங்கராவையும் போல் இருக்க இயலாது அன்றோ! அவர்களின் ஒவ்வொரு விந்தைக்கும் ஒரு காரணம் உண்டு. தூத்துக்குடியிலும் கொல்லத்திலும் இறக்கப்படும் ஆழ்கடல் இறால்களின் நிறம் சமைக்கும் முன்னரே சிவப்பாயிருப்பதைப் பலர் கண்டிருப்பர். சூரிய ஒளியின் நிறங்களுள் கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பையே. ஆதலால் ஆழத்தில் சிவந்த உடல் கருமையாய்த் தோன்றிக் கண்ணுக்குத் தப்புகிறது. தரையில் பளிச்சிடும் ஆடை அங்கே மறைவதற்கான போர்வையாகும். சூரியன் இல்லாத இடத்தில் பல உயிர்கள் தாமே விளக்கேற்றிக்கொள்கின்றன. தூண்டில் மீன் என்னும் வகையின் பெண்மீன், தலைமீது முளைத்த காம்பின் நுனியில் ஒளிரும் இரையைத் தொங்கவிட்டுக் காத்திருக்கிறது. கோலும் கயிறும் இல்லாமலே தூண்டில் போடும் மீன் அது.

இவ்வுயிர்கள் அருவருப்பான தோற்றமுடையவை என்று பலர் கூறக் கேட்கிறோம். இதில் ஒரு நியாயக்கேடு உண்டு. 2003-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடைப்பட்ட கடலில் ஆய்வுக்கப்பல் ஒன்று பிடித்த மீனின் படம் உலகெங்கும் பரவியது. குழைந்த களியுருண்டையில் சோர்ந்த முகம் வரைந்தாற்போன்ற அதற்கு, 2013-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வாக்கெடுப்பில் உலகின் மிக அழகற்ற உயிர் என்ற பட்டமும் கிடைத்தது. உண்மை யாதெனில், அம்மீன் தன் இருப்பிடத்தில் அவ்வாறு இருப்பதில்லை. சுற்றிலும் அழுத்தும் நீரே அதன் மெல்லுடலுக்கு உருக்கொடுத்து நிறுத்துகிறது. மேலே இழுக்கப்பட்டதும் அந்தத் தாங்குதல் அகன்று உடல் தளர்ந்துபோகிறது. அதன் வடிவத்தைக் கெடுத்தவர்கள் நாம். கெட்ட பெயரோ அதற்கு! காற்றுப்பை உடைய மீன்கள் ஆழத்திலிருந்து விரைந்து ஏற்றப்படும்போது அப்பை ஊதிப் பெருத்து, கண்கள் பிதுங்கி, வயிறு வாய் வழியே தள்ளி வருவதை மீன்பிடிப்போர் நன்கறிவர். ஆகவே ஆழ்கடல் உயிரொன்றைக் காணும்போது, அதன் உண்மை உருவத்தையன்றி அது பட்ட துன்பத்தின் உருவத்தையே பெரும்பாலும் காண்கிறோம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வேறு வேலைக்குச் சென்றவர்கள் கண்டவை

ஆழ்கடல் உயிர்களைப் பற்றிய அறிவு எவ்வாறு வளர்ந்தது என்று ஆராய்ந்தால் ஒரு வியப்பான செய்தி புலப்படும். அவற்றைத் தேடிச் சென்ற அறிஞர்கள் கண்டவை பல. எனினும் பெரிய திருப்பங்கள் சிலவற்றைத் தந்தவர்கள், முற்றிலும் வேறு வேலையாய்க் கடலுக்குச் சென்ற தொழிலாளரும் மாலுமிகளுமே.

1843-இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் பிரித்தானிய இயற்கையறிஞர், முந்நூறு பாகத்துக்குக் கீழே கடலில் உயிரே இராது என்று கருத்துரைத்தார். அதனைப் பலரும் நம்பினர். 1860-இல் மத்தியதரைக் கடலில், சார்டினியாத் தீவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே பழுதுபட்ட தந்திக் கம்பிவடம் ஒன்றைப் பொறியாளர் மேலே இழுத்தனர். ஈராயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடந்த அவ்வடத்தின்மேல் பவள உயிர்கள் ஒட்டி வளர்ந்திருந்தன! ஏடுகள் உயிரில்லை என்று எழுதிய இடத்தில் உயிர் உண்டென்று சான்று பகர்ந்தது, தந்தி செல்லாமற்போன ஒரு கம்பி.

நம் நாட்டுக் கடல்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1881-இல் பம்பாயில் கட்டப்பெற்ற 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் நீராவிக் கப்பலின் பணி கடற்கரையை அளந்து வரைபடம் ஆக்குவது. வணிகக் கப்பல்கள் தரைதட்டாமல் காப்பதே அதன் நோக்கம். மாலுமிகளின் உடல்நலம் பேண அதில் ஒரு மருத்துவர் இருப்பார். இயற்கை ஆராய்ச்சியும் அவர் பொறுப்பே. 1888 முதல் 1892 வரை அப்பதவி வகித்தவர் ஆல்ஃபிரட் ஆல்காக். அளவைப்பணி இடம் கொடுத்தபோதெல்லாம் வலையை ஆழத்தில் இறக்கி அவர் சேர்த்த உயிர்கள் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தை வளப்படுத்தின. ஆழத்திலிருந்து வந்த ஒருவகை இறால், வாளி நீரில் நீலநிற ஒளிமேகத்தைக் கக்கி அவ்வாளி முழுவதையும் ஒளிரச் செய்ததை அவர் கண்டு எழுதினார். திருக்கை குட்டி போடும் என்பதை நம் மீனவர் வழிவழியாக அறிவர். அவ்வினத்தின் ஒருவகையில் தாயின் கருப்பையினுள் நூல்போன்ற உறுப்புகள் தொங்குவதையும், அவை சுரக்கும் பால்போன்ற நீரைக் குட்டி உண்டு வளர்வதையும் ஆல்காக்கும் வுட்-மேசன் என்பாரும் 1891-இல் விளக்கினர். தாய்மையின் கனிவு கடலின் அடியிலும் உண்டு என்பதை மீனவரின் கண்ணும் மருத்துவரின் கத்தியும் சேர்ந்து காட்டின எனலாம்.

இருபதாம் நூற்றாண்டிலும் இக்கதை தொடர்ந்தது. 1942-இல் பகைவரின் நீர்மூழ்கிகளைத் தேடி ஒலியலைக் கருவியை இயக்கிய அமெரிக்கர், தரையே இல்லாத நடுக்கடலில் ஒரு தரை தென்படுவதைக் கண்டு மயங்கினர். அந்தப் பொய்த்தரை மாலையில் மேலெழுந்தது, விடியலில் கீழிறங்கியது. அது தரையன்று, பகலில் ஆழத்தில் பதுங்கி இரவில் இரைதேடி மேலேறும் எண்ணற்ற சிற்றுயிர்களின் படலம் என்பதை 1945-இல் மார்ட்டின் ஜான்சன் என்னும் அறிஞர் தெளிவாக்கினார். அவ்வேற்றமும் இறக்கமும் உலகக் கடல்களில் இன்றும் நாள்தோறும் நிகழ்கின்றன. 1976-இல் ஹவாய்த் தீவருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று தன் மிதப்பு நங்கூரத்தை மேலே இழுத்தபோது, பதினான்கு அடிக்கும் மேல் நீண்ட பெருவாய்ச் சுறா ஒன்று அதில் சிக்கியிருந்தது. அதுவரை அறிவுலகம் அறியாத இனம் அது. 1977-இல் கலாபகோஸ் தீவுகளுக்கருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளைத் தேடிச் சென்றோர் நிலவியலார். உயிரியலார் ஒருவரும் உடன் செல்லவில்லை. ஊற்றுகளைச் சூழ்ந்து, சூரியனைச் சாராது வாழும் பெருங்குழாய்ப் புழுக்களையும் சிப்பிகளையும் கண்டு அவர்கள் திகைத்தனர். பதப்படுத்தும் மருந்து போதாமையால் கப்பலில் இருந்த மதுவையே அதற்குப் பயன்படுத்த நேர்ந்தது!

எண்ணெய்க் கிணறுகளின் காவலர்

நம் காலத்தில் இவ்வாய்ப்பு மிகுதியாக வாய்ப்பது கடலில் எண்ணெயும் எரிவளியும் எடுக்கும் தளங்களில் பணிபுரிவோர்க்கே. அத்தளங்களிலிருந்து கம்பிவடத்தில் பிணைத்த ஆளில்லா ஊர்தியை ஆழத்தில் இறக்குகின்றனர். விளக்கும் படக்கருவியும் பொருத்திய அவ்வூர்தியின் வேலை குழாய்களையும் அடைப்பான்களையும் கண்காணிப்பது. மேலே அறையில் அமர்ந்து திரையை நோக்கும் பணியாளர்க்கு, குழாய்க்கு அப்பால் இருளிலிருந்து எதிர்பாராத முகங்கள் எட்டிப் பார்க்கின்றன.

2007 நவம்பரில் மெக்சிகோ வளைகுடாவில், ஷெல் நிறுவனத்தின் பெர்டிடோ துரப்பணப் பகுதியில் ஏறக்குறைய 2,400 மீட்டர் ஆழத்தில் அத்தகைய ஊர்தி படம்பிடித்த கணவாய் உலகையே வியப்பில் ஆழ்த்தியது. அதன் கரங்கள் முதலில் பக்கவாட்டில் நீண்டு, பின் முழங்கையில் மடிந்தாற்போல் வளைந்து, நூலிழைகளாய்க் கீழே பல மீட்டர் தொங்கின. இத்தகைய காட்சிகள் வீணாகாதிருக்க, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் கடலாய்வு நிலையத்தார் எண்ணெய் நிறுவனங்களோடு கூடி 2000-களின் தொடக்கத்தில் ஒரு கூட்டுத்திட்டம் வகுத்தனர். பணியாளர் வேலைக்கிடையே பதிவு செய்யும் படங்களை அறிஞர் ஆராய்வர். செலவு சிறிது, பயனோ பெரிது.

நம் வங்கக் கடலிலும் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் எரிவளி தேடும் ஆய்வுகள் நெடுநாளாக நடைபெறுகின்றன. அங்கே 900 முதல் 1,800 மீட்டர் வரையான ஆழத்தில் மீத்தேன் வளி கசியும் இடங்களையும், அக்கசிவையே வாழ்வாதாரமாகக் கொண்ட சிப்பிகள், நத்தைகள், புழுக்கள் ஆகியவற்றையும் கண்டதாகக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் 2019-இல் அறிவித்தனர். வெயிலே படாத விருந்தில் பந்தியமர்ந்த அவ்வுயிர்கள் நம் கிழக்குக் கரையின் சொந்தக் குடிமக்கள்.

அச்சம் என்னும் வலை

இனி நம் கரைக்கு வருவோம். நம் குப்பங்களில் ஆழ்கடல் உயிரைப் பற்றிய பேச்சு எழுந்தால், வியப்புக்கு முன்னே வருவது அச்சமே. இதில் புதுமை ஒன்றும் இல்லை. பழைய நூல்கள் திமி என்றும், அதனை விழுங்கும் திமிங்கிலம் என்றும், அதையும் விழுங்கும் திமிங்கிலகிலம் என்றும் அடுக்கிச் சென்றன. விவிலியத்தில் யோபு நூல் கூறும் லிவியத்தானும் அவ்வச்சத்தின் உருவமே. ஆயினும் நம் கரையோர மக்களின் அச்சத்திற்கு ஏட்டில் இல்லாத காரணம் ஒன்று உண்டு. அது 2004 டிசம்பர் 26-ஆம் நாள். அந்த ஞாயிறு காலையை மறந்த குடும்பம் இக்கரையில் இல்லை.

சென்னைக் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலுக்குச் சென்று திரும்பிய இளைஞர் ஒருவரோடு அண்மையில் உரையாடினோம். விந்தையான மீன் ஏதும் வலையில் வருவதுண்டா என்று கேட்டோம்.

"வரும் சாமி. பேர் தெரியாததெல்லாம் கழசலோடு தள்ளிடுவோம். கோழித்தீவனத்துக்குப் போயிடும்."

"எவரிடமும் காட்டுவதில்லையா, தம்பி?"

"யாருகிட்ட காட்டறது? ஒரு தடவை வெள்ளிப்பட்டை மாதிரி நீளமா ஒண்ணு வந்திச்சு. செல்போன்ல படம் பிடிச்சேன். வீட்ல அம்மா பார்த்துட்டு, 'கடல் ஏதோ சொல்லுது, பத்து நாள் கடலுக்குப் போகாதே'ன்னு அழுதாங்க. படத்தை அழிச்சிட்டேன் சாமி."

அத்தாயின் கண்ணீரை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. கடலிடம் பறிகொடுத்தவரின் அச்சம் அது. ஆயினும் அவ்வச்சம் சரியான இடத்தில் வைக்கப்பட்டுள்ளதா என்பதை ஆராய்வது நம் கடமை.

துடுப்பு மீன் என்று வழங்கும் ஆழ்கடல் மீன் நாடா போன்று தட்டையானது, வெள்ளிபோல் மின்னுவது, தலையில் செந்நிறக் கொண்டை உடையது, எட்டு மீட்டர் வரை வளர்வது. சப்பானியர் இதனைக் கடல்வேந்தனின் அரண்மனைத் தூதன் என்றும், நிலநடுக்கத்தை முன்னறிவிக்க வருவது என்றும் நம்பி வந்தனர். 2025 மே இறுதியில் தமிழ்நாட்டு மீனவர் வலையில் நீண்ட துடுப்பு மீன் ஒன்று அகப்பட்ட செய்தி வந்தபோது, 'ஊழி மீன்' என்ற பெயரோடு அந்நம்பிக்கையும் நம் கைபேசிகளில் புகுந்து பரவியது.

இந்நம்பிக்கையைச் சப்பானிய அறிஞரே சோதித்துப் பார்த்தனர். 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் கரையருகே தென்பட்ட 336 நிகழ்வுகளையும், அக்காலத்தில் நேர்ந்த 221 பெரிய நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டனர். மீன் தோன்றி முப்பது நாளுக்குள், நூறு கிலோமீட்டருக்குள் நிலம் நடுங்கியது ஒரே ஒரு முறைதான் என்று 2019-இல் அவர்கள் வெளியிட்டனர். அதாவது, அம்மீன் தூதும் அன்று, துர்க்குறியும் அன்று. நோயாலோ நீரோட்டத்தாலோ புயலாலோ நிலைகுலைந்து மேலே வந்துவிட்ட ஓர் ஏழை உயிர் அது.

அது தன் வீட்டில் எவ்வாறு வாழ்கிறது என்பதை நமக்குக் காட்டியவர்களும் கடல் தொழிலாளரே. 2001-இல் பகாமாத் தீவருகே மிதவை ஒன்றைச் சோதிக்க இறங்கிய அமெரிக்கக் கடற்படையினர் அதனை உயிரோடு படம்பிடித்தனர். 2008-க்கும் 2011-க்கும் இடையே மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்த்தள ஊர்திகள் அதனை மேலும் சிலமுறை பதிவு செய்தன. அம்மீன் பாம்புபோல் நெளிந்து நீந்தவில்லை. தலை மேலும் வால் கீழுமாய்த் தூண்போல் நேரே நின்று, முதுகுத் துடுப்பை மட்டும் அலையலையாய் அசைத்து அமைதியாக மிதந்தது. பல நூற்றாண்டுகளாக மாலுமிகள் கடல்நாகம் என்று அஞ்சியவற்றுள் சில இம்மீனாகவே இருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது.

இங்கே உயிர்நாடியான ஒரு செய்தி உண்டு. 2004-இல் சுமத்திராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஆறரை மணியளவில். அலை நம் கரையை அடைந்தது ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து. அவ்விரண்டு மணி நேரத்தில் நமக்கு ஒரு சொல் சொல்ல எந்த அமைப்பும் அன்று இருக்கவில்லை. இன்று உண்டு. ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் 2007 அக்டோபர் முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பணியை நடத்தி வருகிறது. மீனைக் கண்டு பத்துமுறை ஓடி, பத்துமுறையும் ஒன்றும் நேராது திரும்பிய ஊர், பதினோராம் முறை உண்மையான எச்சரிக்கை ஒலிக்கும்போது வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். வதந்தியின் உண்மையான தீங்கு இதுவே. நிலம் நெடுநேரம் குலுங்கினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, அரசின் அறிவிப்பு வந்தாலோ மேட்டுநிலம் நோக்கி விரைக! மீன் வந்தால் அருகில் சென்று பார்க்க.

பழைய மீனும் ஒரு துண்டறிக்கையும்

பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்போர்க்கு ஒரு வரலாறு கூறுவோம். 1938 டிசம்பரில், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்குச் சில நாள் முன்னர், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் ஓர் இழுவைப்படகு வந்து நின்றது. அதன் தலைவர் கூசன், விந்தையான மீன் கிடைத்தால் உள்ளூர் அருங்காட்சியகத்துக்குச் சொல்லியனுப்பும் நற்பழக்கம் உடையவர். அருங்காட்சியகப் பொறுப்பாளரான மார்ஜரி கோர்ட்டனே-லாட்டிமர் என்னும் இளம்பெண் அன்று படகுக்கு வந்து, மாலுமிகளுக்கு விழா வாழ்த்துக் கூறினார். மீன்குவியலின் அடியில் நீலநிறத் துடுப்பு ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஐந்தடி நீளமுள்ள அம்மீனை ஏற்ற வாடகை வண்டிக்காரர் மறுத்தும், மன்றாடி ஏற்றிச் சென்றார். அது கோயலகாந்து என்னும் இனம். ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அற்றுப்போனதாக அறிஞர் கருதியிருந்த மீன்! ஆயினும் பதப்படுத்த வசதியின்மையால் உள்ளுறுப்புகள் அழிந்தன, தோலே மிஞ்சியது.

அடுத்த மீனுக்காக ஜே. எல். பி. ஸ்மித் என்னும் அறிஞர் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார். படத்தோடும் நூறு பவுன் பரிசோடும் மும்மொழித் துண்டறிக்கை அச்சிட்டுக் கிழக்காப்பிரிக்கக் கரையெங்கும் பரப்பினார். 1952-இல் கொமோரோத் தீவின் மீனவர் ஒருவர் பிடித்த மீனை, அவ்வறிக்கையைக் கண்டிருந்த பள்ளி ஆசிரியர் அடையாளம் கண்டார். சுவையான உண்மை என்னவெனில், அத்தீவின் மீனவர்க்கு அது புதிய மீனே அன்று. அதற்குத் தம் மொழியில் பெயரும் வைத்திருந்தனர். உலகம் தேடியது ஓர் ஊர் அறிந்த மீனை. இரண்டிற்கும் பாலமாயிற்று ஒரு துண்டறிக்கை.

நம் குப்பங்களின் முதியோர் எத்தனை உயிர்களுக்குப் பெயர் அறிவரோ! கேட்பாரின்றி அப்பெயர்கள் அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன.

வலையில் வந்தால் செய்யத்தக்கவை

முதலாவதாக, உயிரோடிருந்தால் அதனைத் துன்புறுத்தலாகாது. திமிங்கிலச் சுறா, ஆவுளியா, கடலாமை, கடற்குதிரை முதலியன சட்டத்தால் காக்கப்படுபவை. அவற்றை உடனே கடலில் விடுதல் வேண்டும். அறியாத உயிரை வெறுங்கையால் தொடாதிருப்பதும் நலம். சிலவற்றின் முள்ளிலும் தோலிலும் நஞ்சு உண்டு.

இரண்டாவதாக, இறந்ததாயின் வெட்டாமல், அருகில் துடுப்பையோ அளவுக்கோலையோ வைத்துப் படம் எடுக்க. எவ்விடம், எத்தனை பாகம் ஆழம், எந்நேரம், எவ்வலை என்னும் நான்கையும் குறித்துக்கொள்க. நாள் செல்ல நிறம் மாறும், உடல் சுருங்கும், அந்நான்கு குறிப்புகளோ மாறுவதில்லை. இவை இல்லாத மீன் முகவரியில்லாத கடிதம் போன்றது.

மூன்றாவதாக, இயன்றால் பனிக்கட்டியில் வைத்து, மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ, சென்னையிலுள்ள மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளைக்கோ, இந்திய விலங்கியல் அளவைத் துறையின் கடல் உயிரியல் மையத்துக்கோ தெரிவிக்க. 1947-இல் தோன்றிய அம்மீன்வள நிலையம், அரிய மீன்கள் இறங்கிய செய்திகளைத் தன் வெளியீடுகளில் நெடுங்காலமாகப் பதிவு செய்து வருகிறது. அவற்றுள் பல, இறங்குதளத்தில் ஒரு மீனவர் "இது என்னவென்று பாருங்கள்" என்று அழைத்ததிலிருந்து தொடங்கியவையே.

டீசல் விலையும் பனிக்கட்டி விலையும் ஏறி நிற்க, விலைபோகாத மீனுக்கு இடம் ஒதுக்கச் சொல்வது எளிதன்று என்பதை நாம் அறிவோம். கொமோரோ மீனவர்க்குக் கிடைத்தாற்போன்ற ஒரு சிறு பரிசும், கண்டறிந்தவர் என்று ஏட்டில் ஒரு வரியும் நம் மீனவர்க்கும் கிடைக்கச் செய்வது அறிவு நிலையங்களின் கடன். குப்பத்துப் பள்ளியின் சுவரில் பத்து ஆழ்கடல் உயிர்களின் படம் தொங்குமாயின், மகன் தாய்க்கு விளக்குவான்; படம் அழிக்கப்படாது.

2021-இல் நடுவண் அரசு ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார், மூவரை ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் 'மத்ஸ்யா' என்னும் ஊர்தியை உருவாக்கி வருகின்றனர். 2025 ஆகஸ்டில் இந்தியர் இருவர் பிரான்சு நாட்டு ஊர்தியில் அட்லாண்டிக் கடலில் இறங்கினர். அவர்களுள் ஒருவர் ஐயாயிரம் மீட்டரையும் கடந்தார். நாட்டுக்குப் பெருமை தரும் முயற்சி இது. ஆயினும் அத்தகைய ஊர்தி ஆண்டில் சில நாள்களே ஆழத்தைக் காணும். நம் கரையிலிருந்து நாள்தோறும் விடியுமுன் புறப்படும் படகுகளோ பல. அவற்றில் செல்லும் கண்கள் அதனினும் பல. அக்கண்கள் கண்டதைச் சொல்லத் தொடங்கினால், கேட்க ஒருவர் கரையில் காத்திருக்க வேண்டும்.